இடது பக்க பிரேக்

கௌதம்: சிவப்பு வேணாம்க்கா, சொன்னா கேளுங்க. எகிறிக் குதிச்சு ஓட்டற பிஎம்எக்ஸ் சைக்கிளு இது, கலர் பாத்து எடுக்கற வண்டி இல்ல.

சைரா: என் தம்பிக்கு சிவப்புதான்டா புடிக்கும். உனக்குத் தெரியாதா? அஞ்சு வருஷம் ஷூ கம்பெனில ஒரே மெஷினு, சாயங்காலமானா ஒரே சைக்கிளு... நீயும் சமீரும் ஒட்டிக்கினுதானே சுத்துனீங்க.

கௌதம்: தெரியும்க்கா... ஆனா அந்தச் சிவப்பு சாதா இரும்பு. பாலாத்துப் பாலத்துக்கடில அவன் எகிறிக் குதிக்கற குதிக்கு ஆறே மாசத்துல ஃப்ரேம் வளைஞ்சிடும். எவ்ளோக்குள்ள பாக்கறீங்க?

சைரா: முப்பதாயிரம். அதுக்கு மேல நம்மால ஆவாது.

கௌதம்: அப்ப இந்தக் கறுப்பு. ஃப்ரேம் க்ரோமோலி, ஒசத்தி ஸ்டீலு, வளையாது, வெயிட்டும் கம்மி. சக்கரத்துல சீல்டு பேரிங், ஆத்து மண்ணு உள்ள போவாது.

சைரா: பார்ட்ஸ் தனித்தனியா வாங்கி மாட்டினா கம்மில முடியும்னாங்களே?

கௌதம்: எவன் சொன்னது? ஜாஸ்திதான் ஆவும். கம்ப்ளீட் பைக்கா எடுங்க, அப்படியே ஏறி ஓட்டலாம்... சமீர் இப்ப எங்க இருக்கான்?

சைரா: பெங்களூர்லதான். வேலைக்குப் போய்ட்டான்னு அப்பவே சொன்னேனே.

கௌதம்: போன் போட்டா எடுக்க மாட்டேங்கறான்.

சைரா: வேலை ஜாஸ்தி. நீ மட்டும் இன்னா, கம்பெனிய விட்டுட்டு வேலூருக்கு வந்து இந்த சைக்கிள் கடையில உக்காந்துக்கின. ஊருப் பக்கம் தலையக் காட்டுனியா?

கௌதம்: இல்லக்கா... பெங்களூர்ல கெடைக்காத வண்டியா? இங்க வாங்கி அங்க எப்படி...

சைரா: வந்துட்டாரு பெரிய போலீஸு! கேள்வி கேக்காம வண்டியக் காட்டுடா.

கௌதம்: சரி சரி. அதே ஹைட்டுதானே? அஞ்சடி எட்டுன்னா இந்த சைஸ் சரியா இருக்கும்.

சைரா: ஹைட்டு அதேதான். ஆளுதான் பாதியாயிட்டான். காலைல வெச்ச தட்டு சாயங்காலம் வரைக்கும் அப்படியே... ரூம்ல கூட இருக்கற பையன் போன்ல சொன்னான்.

கௌதம்: ம்...

சைரா: வண்டியப் பாத்தா எழுந்து வருவான்டா. வந்துட்டா போதும் எனக்கு. வாசப்படி தாண்டி நாலு மாசம் ஆவுது.

கௌதம்: பெங்களூர் வாசப்படியா?

சைரா: ...ஆமா.

கௌதம்: அழாதீங்கக்கா. தண்ணி குடிங்க.

சைரா: யாரு அழுதா? இந்தக் கைப்புடி... இன்னும் குண்டா வருமா? மெத்துனு?

கௌதம்: வரும். ரெண்டு பக்கமுமா?

சைரா: வலது பக்கம் போதும்... இல்ல இல்ல, ரெண்டும். ஐயே, இன்னாடா இது, பிரேக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு!

கௌதம்: பிஎம்எக்ஸ்ல பின் பிரேக் மட்டும்தான்க்கா. லெவரு வலது கையில வரும்.

சைரா: இடது பக்கம் மாத்தித் தருவியா?

கௌதம்: ஏன்க்கா?

சைரா: சும்மாதான். இப்ப அதான் ஃபேஷனாமே.

கௌதம்: யாரும் அப்படி ஓட்டறதில்லக்கா.

சைரா: முடியுமா முடியாதா? பேஜார் பண்ணாதடா, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது.

கௌதம்: மாத்த வேணாம்க்கா... உள்ள ஒண்ணு இருக்கு. இதே மாடலு, சிவப்பு. லெவரு இடது பக்கம், வலது கைப்புடி மட்டும் குண்டு. மூணு மாசமா துணி போட்டு மூடி வெச்சிருக்கேன்.

சைரா: யாருக்கு?

கௌதம்: கட்டை வெரலும் சுண்டு வெரலும் மட்டும் இருந்தா லெவரை அமுத்த முடியலக்கா. நடு வெரல் மூணையும் துணில கட்டிக்கினு நானே ஓட்டிப் பாத்தேன்.

சைரா: ...உனக்கு யார்றா சொன்னது?

கௌதம்: ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்க வராண்டாவுல உக்காந்திருந்தீங்க. கேட்டுலயே நின்னுட்டு திரும்பிட்டேன்.

சைரா: உள்ள வந்தா இன்னா?

கௌதம்: எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது? அந்த ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் என்னுது. வேலூர்ல எனக்கு சைக்கிள் போட்டி இருக்குடா, மெஷின்ல என் பேருக்கு நீ போய் நில்லுன்னு நான்தான் அனுப்புனேன். அந்தக் கட்டிங் மெஷின்ல போயிருக்க வேண்டியது என் கைக்கா... காசு வேணாம். வண்டிய எடுத்துக்கினு போங்க. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

சைரா: எனக்குத் தெரியும்டா. அன்னைக்கே சொல்லிட்டான். கௌதமுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டான்க்கா, பெங்களூர் போய்ட்டேன்னு சொல்லிடுன்னு கட்டு போட்ட கையோட கெஞ்சினான். அல்லா மேல சத்தியமா எனக்கு உன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல. தெருவுல சைக்கிள் சத்தம் கேட்டா நீதானோன்னு தலையத் தூக்கிப் பாக்கறான், அந்தக் கொடுமையப் பாக்க முடியாமதான் பஸ் ஏறி வந்தேன். காசைப் புடி. வண்டிய நீயே எடுத்துக்கினு வா.