தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை

எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டால் கனகலட்சுமி சொல்லிவிடுவாள் என்று ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகை சார். கருவாடு என்றால் மட்டும்தான் வாசலில் நின்றபடியே தெரியும். மற்றதையெல்லாம் நானும் நாலு பேரைப்போல விசாரித்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

நீங்கள் டெல்லியிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நான் விளாங்குடியில் இருந்தபடியே விசாரிக்கிறவள். தொழில் ஒன்றுதான், உங்களுக்குப் பயணப்படி உண்டு. தமிழ் தெரிந்தவராய்ப் பார்த்து அனுப்பினார்களே, அது நல்லதாய்ப் போயிற்று. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பாதியை முழுங்கிவிட்டுப் பாதியைச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

முதலில் அந்தப் பாட்டில். எங்கள் கம்பெனியிடம் இருந்தது ஒரே ஒரு ஹெலிகாப்டர். திருப்பரங்குன்றத்தைத் தாண்டிப் பொட்டலில் எங்கள் ஹேங்கர். ஹெலிகாப்டருக்கு இரண்டு என்ஜின், என்ஜினுக்கு ஒரு தீயணைப்பு பாட்டில். பாட்டில் என்று பெயர்தானே தவிர, அது சின்னப் பூசணிக்காய் அளவில் ஓர் உலோக உருண்டை. உள்ளே தீயை அமுக்கும் வாயுவை அடைத்து வைத்திருப்பார்கள். என்ஜின் தீப்பிடித்தால் பைலட் ஒரு கைப்பிடியை இழுப்பார்; வாயு சீறிக்கொண்டு வந்து தீயை அடக்கிவிடும். பாட்டில் கழுத்தில் ஒரு குட்டி மீட்டர். அதன் முள் பச்சையில் நிற்க வேண்டும்.

போன வருஷம் பாட்டிலைத் தயாரிக்கிறவர்களே எழுதிவிட்டார்கள், கழுத்து சீல் கசிகிறது என்று. ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்னும் முள்ளைப் பாருங்கள், இறங்கியிருந்தால் பாட்டிலை மாற்றாமல் பறக்காதீர்கள் என்று. அதைக் கட்டாயமாக்கி மேலிடத்திலிருந்தும் உத்தரவு வந்தது. எங்கள் முதலாளி அந்த உத்தரவுக்குக் கண்ணாடி போட்டு, மாலை போட்டு, ஹேங்கர் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டுவோம். பாதுகாப்பு வாரத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாட்டிலைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற லைசென்ஸ் பெற்ற என்ஜினியர் நான் ஒருத்திதான்.

பைலட் அழகுபாண்டி. என் உடன்பிறந்த தம்பி. ராணுவத்தில் ஓட்டிவிட்டு வந்தவன். கம்பெனியில் பைலட் தேடுகிறார்கள் என்று அவனுக்குச் சொன்னதே நான்தான். நல்ல சேதி எதையும் நான் ஒருநாளும் மறைத்ததில்லை.

அவனுக்கும் அஸ்வினிக்கும் கல்யாணமாகிக் குழந்தை இல்லாமல் இருந்தது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். "அக்கா, ஒனக்கு மட்டுந்தான் சொல்றேன்" என்றான். நானும் வேண்டியவர்களுக்கு மட்டும்தான் சொன்னேன். பக்கத்து வீட்டு முத்துச்செல்வி, எதிர்வீட்டு மீனா, அப்புறம் பால்காரர். நல்லது நடக்க நாலு பேர் வேண்டிக்கொள்ள வேண்டாமா?

என் மகள் தமிழ்வாணி சடங்கு அன்றைக்கு அது கொஞ்சம் பிசகிவிட்டது. தாய்மாமன் என்ற முறையில் அவன் மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்து இறக்கினான். குறை சொல்ல முடியாத சீர். பந்தியில் அஸ்வினிக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டே மீனா கேட்டுவிட்டாள்: "ஏம்மா, தொப்புளச் சுத்தி ஊசி போடுறாகளாமே, வலிக்காதா?"

மீனா வெள்ளந்தி. பந்தியில் இருந்தவர்கள் அப்படி இல்லை. இலைகளில் கைகள் எல்லாம் அப்படியே நின்றன. அஸ்வினி பாதி இலையில் எழுந்து போய்விட்டாள்.

அழகுபாண்டி நேராக மேடைக்கு வந்தான். சீர் கொண்டுவந்தவர்கள் பெயரை வாசிக்க வைத்திருந்த மைக் ஆன் ஆகியே இருந்தது.

"இன்னைக்கிருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாத. என்னையப் பத்தியும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாத."

மண்டபத்துக்கு வெளியே ஐஸ்கிரீம் விற்றவனுக்குக்கூடக் கேட்டது. இரண்டாவது வார்த்தையைக் காப்பாற்றுவது ஒரு மனுஷிக்கு ஆகிற காரியமில்லை. முதல் வார்த்தையைக் காப்பாற்றினேன். எங்கள் பக்கத்தில் பேச்சுவார்த்தை இல்லை என்றால் இல்லைதான். யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் இறங்கிப்போனவர்கள். செத்த வீட்டில்கூட எதிரெதிரே உட்கார்ந்து அழுதுவிட்டு, பேசாமல் எழுந்து போகிறவர்கள் நாங்கள்.

வேலைக்கு அதனால் ஒரு பங்கமும் வரவில்லை. ஸ்டோர் பார்க்கும் ஜமீல் நடுவில் இருந்தான். நான் என்ஜினுக்குப் பக்கத்தில் நிற்பேன். தம்பி கைக்கெட்டும் தூரத்தில் நிற்பான். ஜமீல் எங்களுக்கு நடுவில்.

"ஜமீலு, ஆயில் மாத்தியாச்சுன்னு அவர்ட்ட சொல்லு."

"கேட்டுருச்சுன்னு சொல்லு ஜமீல்."

"கேட்டா தலையை ஆட்டச் சொல்லு."

"ஆட்டுனது அவங்களுக்குத் தெரியலையான்னு கேளு."

ஜமீல் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்தில் பற்றுப் போட்டுக்கொண்டு வந்தான் ஒருநாள். "அக்கா, ஒங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசி எனக்கு வாயே வலிக்குது. எங்க வீட்டுல பக்ருன்னிசா, வெளியவே எல்லாத்தயும் பேசித் தீத்துட்டு வந்து எங்கிட்ட ஊமையா ஒக்காந்திருக்கீகளேன்னு சண்டைக்கு வாரா" என்றான். சிரித்தோம். தம்பியும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

இப்படியே ஓடியிருக்கும். எழுமலைப் பக்கம் ஒரு கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. கலசத்தில் தண்ணீர் விழும்போது வானத்திலிருந்து பூவும் விழவேண்டும் என்று திருப்பணிக் குழுத் தலைவர் நல்லகாமனுக்கு ஆசை. பூவைத் தன் கையாலேயே தூவவேண்டும் என்பது அதைவிடப் பெரிய ஆசை. ஊர் முழுக்க பேனர் வைத்திருந்தார். அதில் சாமியை ஹெலிகாப்டருக்குக் கீழே, கொஞ்சம் சின்னதாகப் போட்டிருந்தார்கள்.

ஜமீலுக்கு அன்றைக்குத் தங்கச்சி சனோபர் நிக்காஹ். முந்தின நாளே ஸ்டோர் சாவியை என்னிடம் கொடுத்தான். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கங்கக்கா. கூடப்பொறந்தவகதான" என்றான். சரி என்றேன். நிக்காஹ் வீட்டுக்காரனிடம் வேறென்ன சொல்வது.

காலையில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது பாட்டிலில் முள் பச்சையில் நின்றது. வலது பாட்டிலில் அடியில் படுத்திருந்தது. தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. காலி.

மூடியை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். கேட்டுக்கு வெளியே கடை வைத்திருக்கும் இருளாயியிடம் சொன்னேன். நீங்கள் என்னைத் தேடி வந்ததே அவள் சொல்லித்தான் என்று எனக்குத் தெரியும். அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

"வலது பக்க பாட்டில் காலியாக் கெடக்கு இருளாயி."

"அப்ப இன்னைக்குப் பறக்காதா?"

"பறக்குறதுக்கு அது எதுக்கு? எரிஞ்சாத்தான் அது வேணும்."

"ஒந்தம்பிட்ட சொல்லிட்டியா?"

"எங்களுக்குள்ளதான் பேச்சுவார்த்தை இல்லையே."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவள் கிளாஸைக் கீழே வைத்தாள். "நான் வேணா ஒரு எட்டு போயிச் சொல்லிட்டு வாரேன்."

"எங்க குடும்ப விசயத்துல நீ எதுக்கு உள்ள வார?" என்றேன். பாவம், கிளாஸை எடுத்து மறுபடி ஆற்ற ஆரம்பித்தாள். எதிர்வீட்டு மீனாவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். பூக்கூடை இறக்க வந்த டிரைவரிடமும் சொன்னேன். மறைத்தேன் என்று மட்டும் நீங்கள் எழுதினால் அது பொய். அன்று காலை திருப்பரங்குன்றத்திலிருந்து விளாங்குடி வரை அது தெரியாதவர்களைத்தான் எண்ணவேண்டும்.

மாற்றுப் பாட்டில் இருந்ததா என்று கேட்கிறீர்கள். ஸ்டோரில் இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. மாட்ட எவ்வளவு நேரமாகும் என்றால், நல்லகாமன் தலைப்பாகையை நாலுவிதமாகக் கட்டிப் படம் எடுத்துக்கொண்ட நேரம் போதும். ஆனால் பைலட்டிடம் சொல்லாமல் என்ஜின் மூடியை அவிழ்த்துப்போட முடியாது. சொல்வதென்றால் நான்தான் முதலில் வாயைத் திறக்கவேண்டும். கையெழுத்துப் போடாமல் விட்டாலும் அதே கதைதான். அவன் முதலாளிக்குப் போன் போடுவான், முதலாளி என்னைக் கூப்பிட்டு, "தம்பிகிட்ட என்னன்னு சொல்லும்மா" என்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அது என் வாயில் வந்துதான் முடிந்தது. கையெழுத்து என்பது பேச்சில் சேராது. போட்டுக்கொடுத்தேன்.

எனக்கும் நெஞ்சில் ஈரம் உண்டு சார். அவன் ஒரு வார்த்தை, "பாட்டிலப் பாத்தியா" என்று கேட்டால்கூடச் சொல்லிவிடுவது என்றுதான் நின்றேன். என் சர்வீஸில் ஒரு என்ஜின் எரிந்து நான் பார்த்ததில்லை. எரியாத என்ஜினுக்காக ஒருத்தி எதற்குத் தலை குனியவேண்டும்?

நல்லகாமன் பூக்கூடைகளோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். ஏறப்போன அழகுபாண்டி நின்றான். திரும்பி என்னிடம் வந்தான். ஜமீல் நிற்கும் இடம் காலியாக இருந்ததால் ரொம்பக் கிட்டத்தில் நின்றதுபோல் இருந்தது.

"அக்கா" என்றான்.

நான் அசையவில்லை.

"அஸ்வினி முழுகாம இருக்குக்கா. நேத்துத்தான் டாக்டர் சொன்னாக. அவ அம்மாவுக்குக்கூட இன்னும் தெரியாது. ஒனக்குத்தான் மொதல்ல சொல்றேன். மூணு மாசம் ஆகட்டும், அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லிராத. என்ன?"

அவனாகவே பேசிவிட்டான். அந்த மண்டபத்தில் மைக்கில் விழுந்தது எல்லாம் அந்த ஒரு 'அக்கா'வில் கழுவிப் போயிற்று. பாட்டில் விஷயம் நாக்கு நுனி வரை வந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். புள்ளத்தாச்சிச் சேதி சொல்ல வந்தவனிடம் எடுத்த எடுப்பில் தீ, காலி என்றா பேசுவது? அதுவும் அவன் பேசிய உடனே நானும் பேசிவிட்டால், இவள் இதற்காகத்தான் காத்துக் கிடந்தாள் என்று ஆகிவிடாதா? திரும்பி வரட்டும், உட்காரவைத்துப் பேசலாம் என்று இருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

"வாரேன்க்கா" என்று ஏறிவிட்டான்.

விசிறி சுற்ற ஆரம்பிக்கும்போதே முத்துச்செல்விக்குப் போன் போட்டேன். அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை, கத்திச் சொல்லவேண்டியதாயிற்று. ஹெலிகாப்டர் மேலே போகும்போது அவன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். போனைக் காதில் வைத்தபடியே கையாட்டினேன். அவன் முகம் எப்படி இருந்தது என்று அத்தனை தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

ஹேங்கருக்குள் ரேடியோ திறந்தே இருக்கும். நான் மீனாவுடன் பேசிக்கொண்டிருந்தபோது அவன் குரல் வந்தது. பதட்டமே இல்லை, ராணுவத்துக் குரல்.

"வலது என்ஜின்ல தீ. கைப்பிடிய இழுத்துட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "இழுத்துட்டேன். தீ அணையல."

அப்புறம் பழக்க தோஷத்தில், "ஜமீல், அவங்ககிட்ட கேளு. வலது பாட்டில் நல்லாத்தான இருக்கு?"

மைக் என் பக்கத்தில்தான் இருந்தது. 'காலி, அதை நம்பாதே, அப்படியே கீழே இறக்கிவிடு' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். கீழே அறுவடை முடிந்து வெட்டவெளியாகக் கிடந்த வயல்கள். சொல்லியிருந்தால் அங்கேயே இறக்கியிருப்பான். பாட்டிலை நம்பிக் கைப்பிடியைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டு கோயில் திடல் வரை போகப் பார்த்தான், கண்மாயைத் தாண்ட முடியவில்லை என்று உங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். அவன் கேட்டது ஜமீலை. போனில் மீனா வேறு காத்துக்கொண்டிருந்தாள்.

நல்லகாமனுக்காகவும் வருத்தப்படுகிறேன். அவர் பேனர்களை இன்னும் யாரும் கழற்றவில்லை.

பாட்டில் காலி என்று தெரிந்தும் அனுப்பினேன். கேட்டும் சொல்லவில்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

அஸ்வினி அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். காரியத்துக்குப் போனபோது என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு நான்தான் அத்தை, அதையாவது நினைத்திருக்கலாம். இருக்கட்டும். வயதில் சின்னவள், அவளே வந்து முதலில் பேசட்டும். பேசினால் நான் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன்.