வலப்பக்கத்துக் குண்டு

சிவபாதம் அண்ணை, நீங்கள் வேலணையில இவ்வளவு காலமா மணிக்கூடு திருத்திறியள், ஆள் பாத்துப் பாடுற மணிக்கூடு எங்கையாவது கண்டிருக்கிறியளோ? இந்த ஆளுயர மணிக்கூடு நாரந்தனையில புருசன்ர ஐயா, மாமா வீட்டில நிக்கேக்கை கால் மணிக்கொருக்கால் பாடினது. இஞ்சை வந்து மூண்டு கிழமை, ஒரு முனகல் இல்லை. நேரம் சரியாக் காட்டுது, மணியும் அடிக்குது, பாட்டு மட்டும் வராதாம். வாழ வந்த வீடு பிடிக்காத பொம்பிளை மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு நிக்குது.

எனக்கெண்டால் வண்டில்கார மார்க்கண்டுவிலதான் சந்தேகம். நிமித்திக் கட்டு, நிமித்திக் கட்டு எண்டு தொண்டை வறளச் சொன்னனான். ஓம் அக்கா, ஓம் அக்கா எண்டுபோட்டு, சவப்பெட்டி மாதிரிக் கிடத்தியெல்லே கொண்டந்தவன். வழியில ஒரு மனிசி சிலுவை போட்டு, செத்தது ஆர், பிள்ளை எண்டு என்னைக் கேட்டது. ஓம், ஊசலைக் கழட்டித்தான் ஏத்தினது. மணிக்கூட்டை ஓட்டுற பாரக் குண்டு மூண்டையும் நான் சாக்கில சுத்திக் காலடியில வைச்சுக்கொண்டு வந்தனான். அதில ஒரு பிழையும் சொல்லேலாது.

பிறகு இந்தத் தரை. என்ர மனிசன் தானே சீமெந்து பூசினவர். தேங்காயை வைச்சால் குசினி அடுப்படி வரைக்கும் உருண்டு போகும். அதுதான் பனஞ்சிலாகை சீவி அடியில ஆப்பு வைச்சம். நீங்களும் காலமையில இருந்து ரசமட்டம் வைச்சு மூண்டுதரம் மாத்திப்போட்டியள். இப்ப டிக் டக் ஒரே சீராத்தான் கேக்குது... ஆனால் பாட்டு?

ஞானசவுந்தரி அக்காவின்ர கண்ணூறாயும் இருக்கலாம். இவற்ற தமையன்ர பெண்சாதி, ஊர்காவற்றுறையில இருக்கிறா. தனக்குத்தான் மணிக்கூடு வருமெண்டு இருந்தவ. மாமா என்ன சொன்னார் தெரியுமோ? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வந்து பாட்டைக் கேப்பாராம். பாடினால் எங்களுக்காம், பாடாட்டில் அங்கை ஏத்துவாராம். அவ அலுமாரியைத் தள்ளி இடமும் விட்டிட்டாவாம்.

எனக்கு மணிக்கூடு பெரிசில்லை, அண்ணை. நேரம் பாக்கச் சூரியன் கிடக்கு, பசி வந்தால் சின்னவள் அழுவாள். ஆனால் நான் சீதனம் இல்லாமல் வந்தவள். அந்த வீட்டால எனக்கெண்டு வந்த முதல் சாமான் இதுதான். அதுவும் திரும்பிப் போனால் ஊர் என்ன சொல்லும்?

ஏன் அதைக் கழட்டுறியள்? அது வலப்பக்கத்துக் குண்டு, பாட்டுக்கு உள்ளது... ரெண்டு விரலால தூக்குறியளே, நல்ல பலம்தான் உங்களுக்கு. குலுக்காதேங்கோ அண்ணை. சின்னவள் நித்திரை.

...ஓம். மண்தான். கடல் மண்.

அப்பிடிப் பாராதேங்கோ. சொல்லுறன். நேவிக்காரர் கடலில வள்ளம் இறக்க விடுகினமில்லை எண்டு உங்களுக்கும் தெரியும். இவர் கரையில நிண்டு வீச்சுவலைதான் எறியிறார். வலை அடியில ஈயம் பாதி இல்லை, மீன் கீழால போகுது. கடையில ஈயமும் இல்லை. குண்டைக் கொக்கியில கொழுவ முதல் துடைப்பமெண்டு எடுத்தன், அடிமூடி கழண்டுது. உள்ளுக்கை பாத்தால் முழுக்க ஈயம்! இரும்புச் சட்டியில உருக்கிக் குடுத்தன். என்ர தம்பி தந்தவன் எண்டு இவருக்குச் சொன்னன். அண்டைக்கே திரளி மீனும் ஓராவும் கொண்டந்தவர். உண்மை தெரிஞ்சால் வலையை அறுத்து ஈயத்தைத் திருப்பி வைப்பார், அப்பிடி ஒரு மனிசன்.

நிறைய இருந்தால் பாரமாத்தானே இருக்குமெண்டு மண்ணை அடைச்சன். கொழுவேக்கை லேசாத்தான் இருந்தது. தெரியாத மாதிரி இருந்திட்டன். பாவம் மார்க்கண்டு.

வலையில மட்டும் கைவைக்கச் சொல்லாதேங்கோ. வேற பாரம் ஏதும் கொழுவ ஏலாதோ? எந்தப் பாரமெண்டாலும் போதுமோ? அப்ப நில்லுங்கோ, பின்வளவில வள்ளத்தின்ர நங்கூரச் சங்கிலி கிடக்கு... இந்தாங்கோ. பெட்டிக் கதவு மரம்தானே, சாத்தினால் ஆருக்குத் தெரியும்? கொழுவிப் பாருங்கோ. பெரிய முள்ளைக் கால் மணிக்குத் தள்ளுங்கோ.

...கேக்குதோ? பாடுது, அண்ணை. பிள்ளையும் எழும்பீட்டாள்.

ஒண்டு கேக்கிறன். என்ர தலையில அடிச்சுச் சொல்லுறன், கடலுக்கு விட்டாங்களெண்டால் அண்டைக்கே ஆளனுப்புவன். மாமா நிண்டாலும் சரி, அக்கா நிண்டாலும் சரி, ஒருத்தரையும் பாராமல், வந்து இந்தச் சங்கிலியைக் கழட்டி வள்ளத்துக்குத் தந்திட்டுப் போங்கோ.