ஜீப்புக் கண்ணாடியில் ஒரு பி.இ.

– கையெழுத்துப் போடுறியா, இல்ல அந்தக் கண்ணாடியவே பொழுது சாயிற வரைக்கும் தொடச்சுக்கிட்டு இருக்கப் போறியா?

– விடியக்காலம் பொம்பளையாளுகள ஏத்திக்கிட்டு போடிமெட்டு ஏறணும் சுசி. மஞ்சு மூட்டம் எறங்குனா கண்ணாடி சுத்தமா இருக்கணும்ல. ஒனக்கென்ன, உக்காந்து பேசுவ.

– மஞ்சு முன்னாடிதான் எறங்கும். நீ தொடைக்கிறது பின் கண்ணாடி. அதுலயும் அந்த எழுத்த மட்டும் தொடைக்கிற. ‘ரா. லிங்கேஸ்வரன், பி.இ.’

– எம் பேரு, என் ஜீப்பு. ஒனக்கு எங்க வலிக்குது?

– பேரு ஒன்னோடதுதாண்ணே. அதுக்குப் பின்னாடி இருக்கிற ரெண்டு எழுத்து யாரோடதுன்னுதான் கேக்குறேன்.

– மெல்லப் பேசு. உள்ள ஒங்க மதினி இருக்கா.

– மதினி குழாயடிக்குப் போயிருக்கு. தண்ணி வர இன்னும் நேரமாகும். அதுக்குள்ள முடிச்சிரலாம், இந்தா பேனா.

– நீ மொதல்ல சொல்லு. டிரஸ்ட்டுக்காரவுக பணம் தாறது ஒனக்கு. நான் எதுக்கு எழுதிக் குடுக்கணும்?

– எத்தன தடவ சொல்ல? நாமக்கல்ல மாட்டு டாக்டருக்குச் சீட்டு கெடச்சிருச்சு. அஞ்சரை வருசத்துக்கும் ஹாஸ்டலு, சாப்பாடு, பொஸ்தகம் எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம்னு சொல்லிட்டாக. ஒரே ஒரு கண்டிசன். பெத்தவுக, கூடப்பொறந்தவுக ஒருத்தரும் டிகிரி முடிச்சிருக்கக் கூடாது. ஆத்தா பள்ளிக்கூடத்து வாசலையே பாத்ததில்ல. அய்யா மூணாப்பு. நீ பதினொரு பேப்பரு அரியரு. நம்ம வீட்ட விட்டா இந்த ஜில்லாவுல அதுக்குப் பொருத்தமான வீடே கெடையாது.

– நக்கலு?

– நக்கலா? நேத்து ஈஸ்வரன் சாரு பண்ணுனதுதான் நக்கலு. டிரஸ்ட்டுல இருந்து விசாரிக்க வர்றவரு. மெட்டுல ஒரு பையன் வீட்டப் பாத்துட்டு பைக்குல எறங்கியிருக்காரு. முன்னாடி ஒன் ஜீப்பு. பதினேழு வளைவுக்கும் நீ அவருக்கு வழி விடல. பதினேழு வளைவும் ஒன் டிகிரியவே படிச்சுக்கிட்டு வந்திருக்காரு மனுசன். கீழ வந்து எங்கிட்ட கேக்குறாரு, ‘ஏம்மா, அண்ணன் படிப்ப முடிக்கல, ஜீப்பு ஓட்டுறாருன்னு எழுதிருக்க. ஜீப்பு வேற சொல்லுதே’ன்னு.

– ஆரன் அடிச்சிருந்தா விட்டுருப்பேன்.

– அடிச்சாராம். நீ பாட்டு வச்சிருந்தியாம்.

– சரி, வாயில சொல்லிக்கிறேன் அவருகிட்ட. தனியா கூட்டிட்டுப் போயி.

– வாயெல்லாம் ஆகாது. ‘நான் படிச்சு முடிக்கல’ன்னு ஒன் கையால எழுதணும். மார்க் சீட்டு ஜெராக்ஸ் வைக்கணும். நாளைக்குக் காலையில வீட்டுக்கே வந்து, எல்லாரு முன்னாடியும் வாசிச்சுக் காட்டித்தான் வாங்குவாரு.

– எல்லாரு முன்னாடியுமா? தமிழ்செல்வி முன்னாடியுமா?

– மதினி என்ன, ஓட்டு மேலயா குடியிருக்கு? இந்த வீட்டுக்குள்ளதான இருக்கு.

– ஒனக்கு வெளயாட்டா இருக்கு. ஏ, மாட்டுக்கு ஊசி போட அஞ்சரை வருசம் படிக்கணுமாக்கும்? நம்ம சுடலையண்ணன் எந்தக் காலேஜுக்குப் போனாரு? மூங்கக் கொழாக் கொட்டத்துல மருந்த ஊத்தி வாயில சொருகுனா மாடு எந்திரிச்சு நிக்கும்.

– நம்ம செவலப்பசு எந்திரிச்சுதா?

– அது விதி.

– விதியில்ல. நாக்க இழுத்துப் புடிச்சு ஊத்துனாரு. மருந்து அம்புட்டும் நெஞ்சுக்குள்ள போயிருச்சு. நான்தான தலையப் புடிச்சுக்கிட்டு நின்னேன். என் கைய நக்கிக்கிட்டே மூச்சடச்சுச் செத்துச்சு. ஆத்தா ரெண்டு நாளு ஏலக்காட்டுக்குப் போகாம அழுதுச்சு. நீ அன்னைக்கு ஜீப்புக்கு ஸ்டிக்கரு ஒட்டப் போயிருந்த.

– அத எதுக்கு இப்ப இழுக்குற.

– நான் எதுக்குப் படிக்கணும்னு நீ கேட்டேல்ல, அதுக்கு.

– சுசி, சொன்னாக் கேளு. எம்பாடு ஒனக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில பி.இ.ன்னு போட்டது நானில்ல, சம்பந்தம் பேசி முடிச்ச சுருளி மாமன். ‘இன்னும் ரெண்டு பேப்பருதான மாப்ளே, கல்யாணத்துக்குள்ள எழுதிரலாம்’னாரு.

– ரெண்டு பேப்பருன்னு அவருகிட்ட சொன்னது யாரு?

– அத விடு. தேவாரத்துல எம் மாமனாரு இருபதடி பிளக்சு வச்சாரு. ‘பொறியாளர் மணமகனே வருக’. யானை வந்து அவரு தோட்டத்த மிதிச்சப்ப, மோட்டாரக் கூடப் பாக்கல, அந்த பிளக்சத்தான் மொதல்ல சுருட்டி வீட்டுக்குள்ள வச்சாராம். அந்த மனுசன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

– எட்டு மாசமா முழிச்சுக்கிட்டுத்தான இருக்க.

– அவரு கூடப் பரவாயில்ல. தமிழ்செல்வி? அவ பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ‘நம்ம ரெண்டு பேரும் டிகிரி’ன்னு நாளைக்கு ரெண்டு வாட்டியாச்சும் சொல்லிருவா. தெரிஞ்சுச்சுன்னா பொட்டியத் தூக்கிட்டு அடுத்த பஸ்சுல தேவாரம் போயிருவா.

– ஆமா, பெரிய கெமிஸ்ட்ரி. ரசத்துல புளி கூடுனா ‘ஆசிட் லெவல் கூடிருச்சு அத்தே’ங்குது. ஆத்தா பாவம், அது என்ன சாமானுன்னு தெரியாம செட்டியாரு கடையில போயி கேட்டுட்டு வந்துச்சு.

– நீ பேசுவ. அடுத்த வருசம் பாப்போம், வேற டிரஸ்ட்டு வராமலா போயிரும்.

– வியாழக்கெழமைக்குள்ள ஹாஸ்டலுக்குக் கட்டலேன்னா சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிரும். அதுக்கப்புறம் எந்த டிரஸ்ட்டு வந்து என்ன செய்ய? பதினொரு அரியரு இருக்குன்னு ஒரு கையெழுத்துப் போட ஒனக்கு வெக்கம். நானும் ஆத்தாகூட ஒன் ஜீப்புலயே ஏறி ஏலக்காயெடுக்கப் போறேன். உள்ள உக்காந்து பாத்தா ஒன் பி.இ. திரும்பித்தான் தெரியும். தெனமும் அதப் பாத்துக்கிட்டே வாறேன். போதுமா?

– அழுவாத.

– நான் அழுவல. எனக்கு ஒன்னயப் பாத்தாக் கேவலமா இருக்குண்ணே. அம்புட்டுத்தான்.

– அதான் சொல்றாள்ல. கையெழுத்தப் போடுங்க.

– தமிழு. நீ எப்ப வந்த?

– ஆசிட் லெவலு கூடுனப்ப வந்தேன். கொடத்த எறக்குங்க, இடுப்பு விட்டுப் போகுது.

– மதினி, நான் சும்மா ஒரு வார்த்தைக்கு...

– இருக்கட்டும் சுசி. நீ சொன்னதுல ஒண்ணுதான் தப்பு. பதினொண்ணு இல்ல, பதிமூணு.

– பதிமூணா?

– பச்சப் பொட்டியில, பட்டு வேட்டிக்கு அடியில மார்க் சீட்டு இருக்கு. கல்யாணமாகி மூணாம் நாளே எண்ணிட்டேன். வேட்டிய மடிக்கத் தெரியாத ஆளு, அத மட்டும் அம்புட்டு அழகா மடிச்சு வச்சிருந்தாரு.

– எட்டு மாசமாத் தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?

– கேட்டா மட்டும் பாஸ் பண்ணிருப்பீங்களாக்கும். தெனமும் ரெண்டு தடவ டிகிரி டிகிரின்னு சொன்னேனே, ஒரு நாளாவது ரோசம் வந்து வாயத் தொறந்தீங்களா? ‘ஆமா தமிழு, ஆமா தமிழு’ன்னு சோத்தப் பெசஞ்சீங்க.

– ஒங்கய்யாவுக்குத் தெரிஞ்சா?

– எங்கய்யாகிட்ட நான் பேசிக்கிறேன். அந்த பிளக்ச மாட்டுக் கொட்டாய்க்கு மேல போடச் சொல்றேன், மழைக்காவது ஆகும். இருபதடி பொய்ய எத்தன நாளைக்குச் சுருட்டி வைப்பாரு. வெரசா எழுதுங்க.

– என்னன்னு எழுத?

– பரீட்சையில முழிச்ச மாதிரியே இங்கயும் முழிக்காதீங்க. ‘ரா. லிங்கேஸ்வரனாகிய நான் பட்டப்படிப்ப முடிக்கவில்லை.’ சின்ன ன-வா, பெரிய ண-வான்னு எங்கிட்ட கேக்காதீங்க. எழுதுங்க. ம். கீழ பேரு. பேரோட நிறுத்துங்க, கை அங்குட்டுப் போகுது பாரு.

– பழக்கம்.

– கேடு கெட்ட பழக்கம். சுசி, இந்தா. காயட்டும், ஈரத்துல மடிச்சிறாத.

– மதினி, இன்னொண்ணு. சாட்சிக்கு வீட்டாளு ஒருத்தரு போடணுமாம். நீங்க போடுறீங்களா?

– கொண்டா.

– பேருக்கு நேரா படிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரின்னு நானே எழுதிரவா?

– பிளஸ் டூன்னு எழுது. காலேஜுக்கு நான் ரெண்டு வருசந்தான் போனேன்.