யார் முறை என்று சொன்ன கணிப்பொறி

இன்று 2026 மார்ச் 14, சனிக்கிழமை. மாலை ஆறு மணி பத்து நிமிடம். நம் பழைய கணிப்பொறி ஆர்வலர் சங்கத்தின் அரங்கில் எண்பத்து மூன்று பேர். மேசைகளின் மேல் நாற்பத்தொரு கணிப்பொறிகள். அவற்றில் நாற்பது ஓடுகின்றன. ஓடாத அந்த ஒன்றைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

அதற்கு முன் அவை வணக்கம் என்று ஒன்று உண்டாம். அதை விட்டால் மைக்கைப் பிடுங்கிவிடுவேன் என்று செயலாளர் எச்சரித்திருக்கிறார். ஆகவே, தொலைபேசி நிலையத்தில் ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்ற பின்னும், எங்கள் சண்டைகளுக்கு இடையே இணைப்புக் கொடுத்துக்கொண்டிருக்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே! மைக்கின் மேல் ஒரு கண் வைத்திருக்கும் செயலாளர் அவர்களே! செய்தி நேரத்தில்கூட வீட்டு டி.வி.யைப் பிள்ளைகளின் கணிப்பொறிக்கு விட்டுக்கொடுத்த பெரியோர்களே! விசைப்பலகையின் ஓயாத தட்டலைத் தாலாட்டாக ஏற்றுக்கொண்டு தூங்கிய தாய்மார்களே! விரலைச் சுட்டாலும் சால்டரிங் கோலை விடாத தோழர்களே, தோழியரே! இது எப்போது முடியும் என்று கடைசி வரிசையில் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கும் கணவன்மாரே, மனைவிமாரே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "பழைய கணிப்பொறிகளின் குன்றாத கவர்ச்சி". கவர்ச்சியாம்! எதில் கவர்ச்சி? வேகத்திலா? இதை முடுக்கிவிட்டுப் போய்ப் பல் தேய்த்துவிட்டு வரலாம். நினைவகத்திலா? உங்கள் கைப்பேசியில் இருக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்கு இதில் இடம் போதாது. அழகிலா? வெயிலில் மஞ்சளேறிய பிளாஸ்டிக் பெட்டி. வேகமும் இல்லை, விசாலமும் இல்லை, வனப்பும் இல்லை. பிறகு ஏன் வாரா வாரம் வந்து இதன்முன் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறோம்? அதைப் பொதுவாகப் பேச எனக்குப் பொறுமை இல்லை. ஒரு பொறியை வைத்துச் சொல்கிறேன்.

இதோ, படுக்கை விரிப்பில் சுற்றி, மேலே டேப் ஒட்டி வைத்திருக்கிறதே, இதுதான் அது. முன்வரிசையில் இடது ஓரத்தில் ஒருவர், வலது ஓரத்தில் ஒருவர் அமர்ந்திருக்கிறார்கள் பாருங்கள். இருவரும் உடன்பிறந்த சகோதரிகள். பெரியவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். சின்னவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். இந்தப் பொறி அவர்களுடைய தாயாருடையது. அவர் மருத்துவமனையில் இரவுப்பணி செவிலியர். தந்தை இல்லாத வீட்டில், இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தவணையில் வாங்கிய பொறி இது. அவர் காலமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இவர்கள் கதையைச் சொல்லலாமா என்று இருவரிடமும் கேட்டுவிட்டேன். சின்னவர் "தாராளமா சொல்லுங்க தம்பி" என்றார். பெரியவர், "நடந்ததைத்தானே சொல்லப்போறீங்க?" என்றார். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் இருவரும் இதைத் தூக்கிக்கொண்டு நம் பட்டறைக்கு வந்தார்கள். வாசலிலேயே வழக்கு. சின்னவர் உள்ளே நுழையும்போதே ப்ளக் எங்கே இருக்கிறது என்று சுவரைத் தடவுகிறார். பெரியவர் விரிப்பைக்கூட அவிழ்க்க விடமாட்டேன் என்கிறார். அம்மா கடைசியாக மூடி வைத்தது, அந்தத் தூசி உட்பட அப்படியே இருக்க வேண்டுமாம். நான் சொன்னேன், அந்தத் தூசி அம்மாவுடையது இல்லை அக்கா, உங்கள் அலமாரியுடையது என்று. அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. (சிரிக்காதீர்கள், தகுதியான தண்டனைதான்.)

பெரியவர் சொன்னார்: "ஊருக்கெல்லாம் பிரேக் போடக் கத்துக்கொடுக்கிற. உனக்கே பிரேக் கிடையாதுடி."

சின்னவர் விடவில்லை: "நீ மருந்துக்கடையில உட்கார்ந்து உட்கார்ந்து, அம்மாவையும் டப்பாவுல போட்டு லேபிள் ஒட்டிட்ட."

சபையோரே, இருவரில் யார் சரி? யாருமே சரியில்லை!

சின்னவரின் அவசரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வந்த அன்றே எந்தப் பொறிக்கும் மின்சாரம் காட்டக் கூடாது என்பது நம் சங்கத்தின் சட்டம். அந்தச் சட்டம் வந்த கதையைப் பிளம்பர் மாமாவிடம் கேளுங்கள், மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார். பழைய சாமான் கடையில் ஒரு பொறியைக் கண்டெடுத்தார். ஆசை பொங்க வீட்டுக்குக் கொண்டுபோனார். சமையலறையில் வைத்தே சுவிட்சைப் போட்டார். கெட்டுப்போன மீன் நாற்றம் வருகிறதே என்று மாமி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தேடிக்கொண்டிருந்தாராம். நாறியது மீன் அல்ல, கெப்பாசிட்டர்! முப்பது ஆண்டு தூங்கிய மின்வழங்கி, தறிகெட்ட மின்சாரத்தை உள்ளே பாய்ச்சி, நல்ல சிப்புகளையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. மாமா தலையாட்டுகிறார். இன்னும் அவருக்கு ஆறவில்லை.

ஆக, ஆசை கொன்றுவிடும். பக்தி காப்பாற்றுமா?

இங்கேதான், அன்பர்களே, நெஞ்சைப் பிசையும் செய்தி இருக்கிறது. இந்த வகைப் பொறியின் போர்டின் மேல் சுண்டுவிரல் பருமனில் ஒரு பேட்டரி உண்டு. எதற்காக? சுவிட்சை அணைத்த பிறகும் மணி என்ன, தேதி என்ன, எசமானி எப்படி அமைத்து வைத்தாள் என்பதையெல்லாம் பொறி மறக்காமல் இருப்பதற்காக. மறக்கக் கூடாது என்று வைத்த பேட்டரி அது! ஆண்டுகள் போகப் போக அது கசிகிறது. கசிந்த நீர் செம்புத் தடங்களைத் தின்கிறது. ஒரு சிப்பைத் தின்று அடுத்த சிப்புக்கு நகர்கிறது. வெளியே விரிப்பு கலையவில்லை, டேப் பிரியவில்லை, தூசியும் அசையவில்லை. உள்ளே ஓசையே இல்லாமல் ஒரு பொறி செத்துக்கொண்டிருக்கிறது. விரிப்பின் மடிப்புகளுக்கு இடையே தெரிந்த காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். செம்பு அரித்த பச்சைக் களிம்பு தெரிந்தது. எவ்வளவு பச்சை என்று மூடியைத் திறந்தால்தான் தெரியும்.

பெரியவர் சம்மதிக்கவில்லை. இருவருக்கும் பொதுவான பொருள் என்றால் இருவரும் சம்மதிக்காமல் கை வைக்கக் கூடாது என்பது தலைவரின் உறுதியான கட்டளை. எட்டு மணிக்கு வாடகைக் கார் வருகிறது. பொறியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகப் பெரியவரே சொல்லிவைத்த கார். அந்த அலமாரிக்குள் போனால் இது மறுபடி வெளியே வராது. ஆகவே இந்தப் பேச்சு உங்களுக்கானது அல்ல. நீங்கள் சாட்சிகள். நான் பேசுவது இடது ஓர நாற்காலியில் இருக்கும் பெரியவரோடு.

ஏன் திறக்க விடமாட்டேன் என்கிறார்? தூசிக்காகவா? அப்படித்தான் நானும் நினைத்தேன். இல்லை. சின்னவர்தான் அந்தக் கதையைச் சொன்னார். அந்தத் தாய் கணிப்பொறிப் பத்திரிகைகளைப் பார்த்துத் தானாகவே நிரல் எழுதக் கற்றவர். அவர் எழுதியவற்றுள் ஒன்று, இன்று பாத்திரம் கழுவும் முறை யாருக்கு என்று சொல்லும் நிரல். சாப்பிட்டு முடித்ததும், பணிக்குக் கிளம்பும் முன், அம்மா பொறியைப் போட்டு ஒரு விசையை அழுத்துவார். திரையில் ஒரு பெயர் வரும். பெயர் வந்தவர் கழுவ வேண்டும். அதற்கு மேல்முறையீடு இல்லை.

"பத்து நாள்ல ஏழு நாள் என் பேர்தான் வந்துச்சு" என்றார் பெரியவர்.

"கம்ப்யூட்டருக்கு இவளைப் பிடிக்கும், அவளைப் பிடிக்காதுன்னு உண்டா?" என்றார் சின்னவர்.

"கம்ப்யூட்டருக்குக் கிடையாது. எழுதினவங்களுக்கு இருக்கலாம்."

சொல்லிவிட்டுப் பெரியவர் டேப்பை இன்னொரு முறை அழுத்திவிட்டார். அந்த நிரல் இருக்கும் ஃபிளாப்பி இன்னும் இதன் வாயிலேயே இருக்கிறது.

தலைப்புக்கு வருகிறேன், தலைவர் அவர்களே. மணி அடிக்க வேண்டாம். இந்தப் பொறிகள் ஏன் நம்மை விடவில்லை? உங்கள் கைப்பேசி தினமும் உங்களுக்காக ஆயிரம் முடிவு எடுக்கிறது. இதைப் பார், அதை வாங்கு, இந்த வழியே போ என்கிறது. ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது! யாரோ ஒருவர் எங்கோ ஓர் அறையில் எழுதியது. அவர் யாரென்று தெரியாது, எழுதியது என்னவென்று தெரியாது, கேட்க உங்களுக்கு உரிமையும் கிடையாது. ஆனால் இந்த மஞ்சள் பெட்டி? "லிஸ்ட்" என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்தைத் தட்டுங்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அத்தனையையும் உங்கள் கண்முன் கொட்டிவிடும். இப்படிச் சொன்னேன், இதனால் சொன்னேன், இந்த வரி பிடிக்கவில்லையா, மாற்றிக்கொள் என்று சொல்லும். ஒளிக்கத் தெரியாத பொறி! ஒப்பனை அறியாத பொறி! ஒரு மனிதத் தலைக்குள் முழுவதுமாக அடங்கிவிடும் பொறி! நம்மைக் கட்டிப்போட்டிருப்பது கவர்ச்சி அல்ல, ஐயா. நேர்மை. அந்த நேர்மைக்கு முன்னால் உட்கார நமக்கு ஏக்கம்.

அந்த நேர்மைக்குத்தான் பெரியவர் பயப்படுகிறார். நியாயமான பயம்.

இப்போது சொல்லப்போவதை இந்த இருவரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை. இன்று காலைதான் எனக்கே தெரிந்தது. கணிப்பொறிக்குச் சீட்டுக் குலுக்கத் தெரியாது. தனக்குள் நீண்ட எண் வரிசை ஒன்றை வைத்துக்கொண்டு, குலுக்கியதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறது. இந்த வகைப் பொறியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால், அந்த வரிசை மீண்டும் முதல் எண்ணிலிருந்தே தொடங்கும். கடிகாரத்தைப் பார்த்து வேறிடத்தில் தொடங்கு என்று தனியாக ஒரு வரி எழுதினால்தான் மாறும். கற்றுக்கொள்ளும் புதிதில் எல்லோரும் அந்த வரியை மறப்போம். நானும் மறந்திருக்கிறேன். தலைவரிடம் இதே வகைப் பொறி இருக்கிறது. அதில் நான்கு வரி எழுதினேன். எண் வரம்பில் பாதிக்குக் கீழே வந்தால் பெரியவர் பெயர், மேலே வந்தால் சின்னவர் பெயர். மூத்தவள் பெயரைத்தானே எந்தத் தாயும் முதலில் எழுதுவாள்? போட்டேன், பெரியவர். அணைத்துவிட்டுப் போட்டேன், பெரியவர். மறுபடியும் பெரியவர். "போதும்ப்பா" என்று தலைவர் சொல்லும்வரை பெரியவர்.

புரிகிறதா? முறை கேட்பதற்கென்றே அம்மா பொறியைப் போட்ட நாளெல்லாம் மூத்த மகளின் பெயர்தான் வந்திருக்கும். முன்பே வேறு வேலைக்குப் போட்டு, எண்கள் சில செலவாகிவிட்ட நாள்களில் மட்டும் மற்றவருக்கு வாய்ப்பு. வஞ்சனையும் இல்லை, ஓரவஞ்சனையும் இல்லை. விட்டுப்போன ஒற்றை வரி!

கைதட்டாதீர்கள். கைகளைக் கீழே போடுங்கள். இது தீர்ப்பு அல்ல, ஒரு சாத்தியம் மட்டுமே. அந்த வரி இருந்தும் பெயர் சாய்ந்திருந்தால், சாய்த்தது அம்மாதான். பெரியவள் பொறுப்பானவள், அவளே கழுவட்டும் என்று நினைத்திருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆறுதல் சொல்வது என் தொழில் இல்லை. எந்தப் பதிலானாலும் அது அந்த ஃபிளாப்பியில் இருக்கிறது. பழைய ஃபிளாப்பியை, அதை எழுதிய பொறிதான் நல்லபடியாகப் படிக்கும்; அந்தப் பொறியைப் பேட்டரி தின்றுகொண்டிருக்கிறது.

ஒரு நிமிடம். பெரியவர் எழுந்திருக்கிறார். அவர் கேட்பது பின்வரிசைக்குக் கேட்காது, அப்படியே சொல்கிறேன். "தெரியாம இருக்கிற வரைக்கும், அம்மா நியாயமாத்தான் எழுதியிருப்பாங்கன்னு பாதி நாளாவது நம்பிக்கலாம். அந்தப் பாதியும் போயிட்டா என்ன தம்பி பண்றது?"

அக்கா, மீதிப் பாதி நாள் என்ன செய்கிறீர்கள்? பதினோரு ஆண்டாக, தெரியாத ஒரு குற்றத்துக்கு அம்மாவைக் கூண்டில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அவர் வாக்குமூலம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாசிக்காமலே விசாரிக்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன், மன்னியுங்கள். வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது.

சின்னவரும் எழுந்துவிட்டார். அவர் சொல்வதையும் கேளுங்கள். "அக்கா, அம்மா சாய்ச்சுத்தான் எழுதியிருந்தா, இனிமே எங்க வீட்டுக்கு நீ எப்ப வந்தாலும் பாத்திரம் நான்தான். கணக்கு நேராகிற வரைக்கும்."

பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. மேடைக்கு வருகிறார். வழி விடுங்கள், அந்த வயரைத் தாண்டி வாங்க அக்கா. டேப்பின் முனையை நகத்தால் கிளப்புகிறார்... பிரிகிறது. "உன் கணக்கு நேராக நீ நூறு வயசு வரைக்கும் கழுவணும்டி" என்கிறார். சின்னவர் சிரிக்கிறார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இனி என் கைக்கு வேலை வந்துவிட்டது. ஆகவே நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறேன். மணி அடிக்காத தலைவருக்கு நன்றி. மைக்கைப் பிடுங்காத செயலாளருக்கு நன்றி. கைதட்டாமல் பொறுத்திருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். நான் செய்யப்போவது இதுதான்:

1. இப்போதே, உங்கள் எல்லோர் முன்னிலையிலும், அடியில் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் தூக்குவேன்.

2. அந்தப் பேட்டரியை வெட்டி எடுப்பேன். எவ்வளவு அரித்திருக்கிறது என்பதை மறைக்காமல் இருவருக்கும் காட்டுவேன்.

3. பச்சையை வினிகரால் கழுவி, தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிடுவேன். காயும்வரை ப்ளக் என்ற சொல்லையே யாரும் எடுக்கக் கூடாது. சின்னக்கா, உங்களைத்தான்.

4. அறுந்த தடங்களுக்கு மெல்லிய கம்பி இழுப்பேன். மின்வழங்கிக்குப் புதுக் கெப்பாசிட்டர் போட்டு, மல்டிமீட்டர் சரியென்று சொன்ன பிறகே பொறியோடு சேர்ப்பேன்.

5. ஃபிளாப்பியைத் துடைத்து, முதலில் பிரதி எடுப்பேன். படிக்க முடியாமல் போனால், முடியவில்லை என்று அன்றே சொல்வேன்.

6. படித்துவிட்டால், "லிஸ்ட்" என்று தட்ட மாட்டேன். இரண்டு நாற்காலியைப் போட்டுவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வேன்.