மெதுவாகச் சுற்றும்போது மட்டும்

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் காற்றாடி வேகமாகச் சுற்றினால்தான் தொல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஃபாதர். வேகமாகச் சுற்றுகிற காற்றாடியால் ஒரு கெடுதலும் இல்லை. ஹோவென்று ஒரே சீராக இரையும், காதும் பழகிவிடும். மெதுவாகச் சுற்றும்போதுதான் அது உயிரை வாங்கும். தட்டியின் அந்தப் பக்கம் உங்களுக்காக ஓடிக்கொண்டிருக்கிறதே ஒரு சின்ன மேசைக் காற்றாடி, அதுவும் அந்த ரகம்தான். பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தருகிறேன்.

தவக்காலம் என்பதால் வந்தேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு பொய். அதுவும் ஒரு நல்ல காரணத்துக்காகச் சொன்னது. இருந்தாலும் சொல்லிவிட்டால் மனசு லேசாகும். இப்போதே லேசாகத்தான் இருக்கிறது. சில நாளாக எனக்குக் கால் தரையில் பாவவே இல்லை.

என் குரல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். டத்தோ கிராமாட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் ஜெஃப்ரி. தமிழ்ப் பூசையில் பாடற்குழுவின் பின்வரிசையில் நிற்பவன். எனக்குப் பக்கத்தில் நிற்பவன் டெரன்ஸ். தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, கெலுகோரில் வீடு. அவன் மனைவி பிரிஸில்லா வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் கம்ப்யூட்டரில் ஏதோ சத்தம் வருகிறது, போய்ப் பார் என்று டெரன்ஸ்தான் என்னை அனுப்பினான்.

“பாடம் முடிஞ்சு வீடு அமைதியானதும் டிக் டிக்னு ஒரு சத்தம் வருதுண்ணே. அவரு வந்து பார்த்தா நின்னுடுது. எனக்கு கீலா ஆயிடுச்சி, பைத்தியம் புடிச்சிருச்சின்னு சிரிக்கிறாரு லா,” என்றாள் பிரிஸில்லா.

டெரன்ஸ் எப்படிப் பார்த்தான் என்று கேட்டேன். உட்கார்ந்ததும் காற்பந்து விளையாட்டைத் திறந்துவிடுவானாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளையாட்டைத் திறந்தால் பெட்டி சூடாகும், காற்றாடி வேகம் எடுக்கும், டிக் டிக் அடங்கிவிடும். மெதுவாகச் சுற்றும்போது மட்டும் வரும் சத்தத்தை வேகமாகச் சுற்றவிட்டுத் தேடினால் எந்தக் காலத்தில் கிடைக்கும்?

நான் எதையும் திறக்கவில்லை. பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். சத்தம் வந்தது. காற்றாடிகளின் நடுக்குமிழில் ஒவ்வொன்றாக விரலை வைத்து நிறுத்தினேன். பின்பக்கத்துக் காற்றாடியைத் தொட்டதும் சத்தம் நின்றது. விரலை எடுத்தேன், மறுபடியும் டிக் டிக்.

“உங்களுக்கும் கேக்குதாண்ணே?” என்றாள். கேட்கிறது என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள், ஃபாதர். எனக்குக் கறிபாப் சுட்டுக் கொடுத்தாள். என்னை அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். நாசி கண்டார் கடையில் குழம்பு ஊற்றுகிறவரையும் நாம் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறோம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பழுது ஒன்றும் பெரிதில்லை. காற்றாடிக்குப் போகும் மின்சாரம் கொஞ்சம் குறைவு. சுற்றப் பார்த்து, முடியாமல் திக்கித் திக்கி மறுபடி கிளம்புகிறது. குறைந்தபட்ச வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன், சரியாகிவிட்டது. மோட்டார் சைக்கிளில் பாடிக்கொண்டே வந்தேன். சுங்கை பினாங் பக்கம் சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் உறைத்தது. சரியாகிவிட்டதே, இனி எதற்கு என்னைக் கூப்பிடப் போகிறாள்? அந்த விளக்கடியில் ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதுவிட்டேன்.

வாடிக்கையாளர்களுடைய கம்ப்யூட்டருக்குள் கடையிலிருந்தே போய்ப் பார்ப்பதற்கு ஒரு வசதி போட்டு வைப்பது என் வழக்கம். கேட்டுவிட்டுத்தான் போடுவேன், எல்லோரும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். கடைக்கு வந்ததும் அதன் வழியாக உள்ளே போய், ஏற்றி வைத்த வேகத்தை இறக்கி வைத்தேன். எந்த அளவில் சத்தம் வருகிறது என்று சோதிப்பது தொழிலில் ஒரு பகுதிதான். அதை நான் பாவமாக எண்ணவில்லை.

மறுபடி அவள் கூப்பிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. போனேன். ரப்பர் பிடிகளை மாற்றினேன். அடுத்த தடவை இறக்கையில் உரசாதபடி ஒயர்களைக் கட்டினேன். இன்னொரு தடவை காற்றாடியையே மாற்றினேன். எல்லாம் நாணயமான வேலை. டெரன்ஸுக்கு எந்த ஷிப்டு என்பது பாடற்குழு வாட்ஸப்பில் வந்துவிடும். அவன் வேலைக்குக் கிளம்பியதும் வேகத்தை இறக்கிச் சத்தத்தைத் திறப்பேன், திரும்பும் நேரத்துக்கு ஏற்றி அடைத்துவிடுவேன். கடையில் மற்றவர்களுடைய கம்ப்யூட்டரைத் துடைத்துக்கொண்டிருப்பேன், கெலுகோரில் என் கைபட்ட காற்றாடி அவள் காதருகே டிக் டிக் என்னும். காதலிக்கிறவர்கள் ஆயிரம் செய்தி அனுப்புகிறார்கள், நான் அனுப்பியது அவ்வளவுதான்.

அவள் கொஞ்சம் சோர்ந்துபோனாள் என்பது உண்மை. கம்ப்யூட்டரைப் போர்வையால் சுற்றி வைத்தாள், சமையலறைக்கு மாற்றினாள். பாடத்தின் நடுவில் நிறுத்தி, “யாரு பேனாவ தட்டுறது?” என்று பிள்ளைகளை அதட்டினாள். லோகேஸ்வரி என்ற சின்னப் பெண் நான் தட்டவில்லை டீச்சர் என்று இரண்டு கையையும் தூக்கித் திரையில் காட்டிக்கொண்டே அழுததாம். பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் பாடம் குறைந்ததால் நிதானமாக உட்கார்ந்து கோப்பி குடிக்க எங்களுக்கு நேரம் கிடைத்தது.

பிறகு டெரன்ஸின் அம்மா அக்னஸ் ஆன்ட்டி தீர்த்தப் புட்டியோடு வந்தார். அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. நல்ல வேளை, நான் அங்கே இருந்தேன். “வெளிப்பக்கம் மட்டும் தெளிங்க ஆன்ட்டி, உள்ள ஊத்துனா ரோசாக் ஆயிடும், கெட்டுப்போயிடும்,” என்றேன். அது போதாதென்று உங்களை அழைத்தார்கள். நீங்கள் வந்து மந்திரித்தபோது வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று கடையிலிருந்து நான்தான் அடைத்து வைத்திருந்தேன், உங்கள் மீதுள்ள மரியாதையால். நீங்கள் காரில் ஏறியிருப்பீர்கள் என்று கணக்குப் போட்டுத் திறந்துவிட்டேன். பிரிஸில்லா போனில் கதறினாள். ஃபாதர் ஜெபித்தும் போகவில்லையென்றால் கோளாறு வீட்டில் இல்லை, இவள் தலையில்தான் என்று ஆன்ட்டி முடிவு கட்டினாராம். ஆன்ட்டி அப்படித்தான், எதையும் பளிச்சென்று சொல்லிவிடுவார்.

இனிதான் அந்தப் பொய்.

டெரன்ஸ் கடைக்கு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“புரோ, நெஜத்த சொல்லு. உனக்கும் கேக்குதுன்னு அவ சத்தியம் பண்றா. உனக்கு கேக்குதா?”

கேட்கிறது என்று சொன்னால் என்ன செய்வான்? கம்ப்யூட்டரைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவான். அவ்வளவுதான், எல்லாம் முடிந்துவிடும்.

“இல்ல டெரன்ஸ். ஒன்னுமே கேக்கல. அவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் கேக்குதுன்னு சொன்னேன்,” என்றேன்.

அங்கேயே அவளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவளிடமும் அதைச் சொல்லச் சொன்னான். சொன்னேன். “சரிண்ணே,” என்றாள். டெரன்ஸ் முக்காலியில் உட்கார்ந்து அழுதான். தண்ணீர் கொடுத்தேன், முதுகைத் தட்டிக்கொடுத்தேன். மருத்துவமனையில் சீக்கிரம் காட்டு என்றும் நான்தான் சொன்னேன்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். டியூஷன் இல்லை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்குப் போகும்போது டெரன்ஸ் என்னிடம்தான், ஒரு எட்டுப் போய்ப் பாருடா என்று கேட்டுக்கொள்கிறான். போன வாரம் போனேன். பெட்டியின் மூடியைக் கழற்றி அவள் முன்னால் வைத்து, இதுவரை இல்லாத அளவுக்குச் சத்தத்தைத் திறந்துவிட்டேன். காற்றாடி தட்டுகிற தட்டில் மேசைமேல் இருந்த கோப்பை அதிர்ந்தது. “கேக்குதா பிரிஸில்லா?” என்றேன்.

காற்றாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, “இல்லண்ணே. ஒன்னும் கேக்கல. அவர்கிட்ட சொல்லிருங்கண்ணே, எனக்கு ஒன்னும் கேக்கல,” என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கேட்பதைக் கேட்கவில்லை என்று நானும் சொன்னேன், அவளும் சொல்லிவிட்டாள். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் வந்துவிட்டது, ஃபாதர். வரும் வழியெல்லாம் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் வண்டியில் நின்றவர் பயந்து ஒதுங்கிக்கொண்டார்.

அந்த ஒரு பொய்க்கு என்ன பரிகாரம் சொன்னாலும் செய்கிறேன். கூடவே ஓர் உதவி. டெரன்ஸ் ரொம்ப உடைந்துபோயிருக்கிறான். மனைவிக்கு மனநலம் சரியில்லையென்றால் அந்தக் கல்யாணமே செல்லாது என்று திருச்சபை சொல்ல வழி இருக்கிறதாமே. மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து நேரில் பார்த்தவர் என்ற முறையில் நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் சீக்கிரம் நடக்கும். அது முடிந்ததும் எனக்கும் அவளுக்கும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிடுங்கள். பைத்தியத்தைப் போய்க் கட்டுகிறானே என்று ஊர் பேசும், பேசட்டும். அவள் புத்தியில் ஒரு குறையும் இல்லை, ஃபாதர். அது என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?