புல்தரையில் இறக்கிய பன்னிரண்டாவது டிரிப்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை முதல் தாளில் எழுதியபடி சரியே. வயது ஐம்பத்திரண்டு. தொழில், டேங்கர் லாரி ஓட்டுவது. இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறேன். ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட வண்டியை ஏற்றியது கிடையாது. கேட்காமலே இதைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளவும்.

கடந்த பத்து மாதமாக எரிவாயுக் கிணறு போடும் நிறுவனத்தில் ஓட்டி வருகிறேன். கிணறு மூன்று கிலோமீட்டர் ஆழம். வாயுவோடு சேர்ந்து மேலே வரும் உப்புநீரை டேங்கரில் ஏற்றி, சீட்டில் சொன்னபடி இறக்குவது என் வேலை. முதலில் தூரத்துச் சுத்திகரிப்பு ஆலைக்குக் கொண்டுபோனேன். அதன் பிறகு, தூசி அடங்குவதற்காக மண்சாலையில் தெளிக்கும்படி சீட்டு கொடுத்தார்கள். சீட்டில் "தீங்கற்ற நீர்" என்று எழுதி, கீழே மேலாளர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அந்த மண்சாலை ஓரத்தில்தான் என் அக்காவின் நாற்றுப் பண்ணை உள்ளது. தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று வளர்த்து விற்கிறார். கிணற்று லாரிகள் கிளப்பும் புழுதி இலையிலெல்லாம் படிகிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டதால், மற்ற இடத்தில் ஒரு முறை தெளித்தால் அவர் பண்ணை வாசலில் வண்டியை உருட்டி உருட்டி இரண்டு முறை தெளித்தேன். கூடப்பிறந்தவளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று நினைத்தேன். மொத்தம் பதினோரு டிரிப்.

அதன் பிறகு மழை பெய்து, சாலையில் ஓடிய நீர் பண்ணைக்குள் இறங்கி, நான்காம் நாள் வேலியோர நாற்றெல்லாம் நுனி கருகி, அடுத்த வாரம் அங்குள்ள கைபம்புத் தண்ணீரும் கரிக்க ஆரம்பித்தது. அக்கா என்னைக் கூப்பிட்டு, "உன் வண்டி வந்துட்டுப் போன பக்கமெல்லாம் செடி செத்துப்போகுது. என்னத்தடா ஊத்துன?" என்றார். நான் கோபப்பட்டு, அவருக்குச் செடி வளர்க்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அது தப்பு. அதை மட்டும் தப்பு என்று எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து வண்டியைக் கழுவும்போது டேங்கரின் தண்ணீர் திறக்கும் வால்வைப் பார்த்தேன். பத்து மாதத்தில் மூன்று வால்வு மாற்றியிருந்தேன். ஒவ்வொரு முறையும் மட்டமான சரக்கு என்று உதிரிபாகக் கடைக்காரரைத் திட்டியிருந்தேன். கழற்றிப் போட்டிருந்த, அரித்துப்போன மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இரும்பைத் தின்றது நாற்றை விடுமா? கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அதன் பிறகு மேலாளரிடம் போய் விவரம் சொன்னேன். அவர் சிரித்து, "அட, வெறும் உப்புத் தண்ணிங்க. புல்லுகூட வாடாது. சீட்டப் பாத்து வண்டிய ஓட்டுங்க, ஆராய்ச்சியெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பன்னிரண்டாவது சீட்டு கொடுத்தார்கள். "தீங்கற்ற நீர். தூசி உள்ள இடத்தில் தெளிக்கவும்" என்றிருந்தது. எந்த இடம் என்று குறிக்கவில்லை. எனக்குத் தெரிந்து தூசி அதிகம் உள்ள இடம், லாரிகள் வந்து திரும்பும் அலுவலக வாசல். அதை ஒட்டி அவர்கள் ஆசையாக வளர்த்த புல்தரையும் உண்டு. வண்டியைக் கோணாமல் நிறுத்தி, சிவப்புக் கொடி வைத்து, காவலாளியிடம் சொல்லிவிட்டு, முழு டேங்கரையும் தெரிந்தே அங்கே இறக்கினேன். காவலாளி, "அண்ணே, புல்லு மேல போகுதுண்ணே!" என்று கத்தினார். "புல்லுகூட வாடாதாம்ப்பா, ஐயாவே சொன்னாரு" என்றேன். ஐந்தாம் நாள் புல் வைக்கோலாகிவிட்டது என்று கேள்விப்பட்டு, நேரிலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு மேலாளர் கொடுத்த புகாரின் பேரில் அழைக்கப்பட்டு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "செடிகொடிகளைக் கொல்லும் நச்சு உப்புநீரை" ஊற்றிப் புல்தரையை நாசம் செய்ததாக அதில் உள்ளது. சற்று முன் வராந்தாவில் மேலாளர் என்னிடம், "தெரியாம ஊத்திட்டேன்னு எழுதிக் குடுங்க, புகார வாபஸ் வாங்கிக்கறேன். இல்லேன்னா லைசன்ஸ் போயிடும். இந்த வயசுல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். வாபஸ் வாங்கினால் அந்தத் தாள் மறுபடி அவர் கைக்குப் போய்விடும். நான் சம்மதிக்கவில்லை. புகார் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

எழுத்தர் ஐயா என் மேல் இரக்கப்பட்டு "தவறுதலாக" என்று எழுதியதை அடித்துவிட்டு, "தெரிந்தே" என்று எழுதச் சொன்னவன் நான்தான். அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது. லைசன்ஸ் போனால் எனக்கு வலிக்கும்; வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். உள்ளே வருமுன் அக்காவிடம் போனில் சொன்னேன். "போனா போகட்டும், இங்க வாடா. பாத்தி கட்ட ஆள் வேணும். ஆனா செடிக்குத் தண்ணி நான்தான் ஊத்துவேன், நீ கிட்ட வரக் கூடாது" என்றார்.

வால்வுகள் மூன்றையும் சீட்டுகள் பன்னிரண்டையும் ஒப்படைக்கிறேன். சீட்டில் "தீங்கற்ற" என்றும் புகாரில் "நச்சு" என்றும் உள்ளது. இரண்டுக்கும் கீழே இருப்பது ஒரே ஆளின் கையெழுத்து. இரண்டில் எது உண்மை என்று அவரைக் கேட்க வேண்டும்.

மேலே உள்ளது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது; நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதை வாங்கவில்லை. ஆசை காட்டியவருக்கு இது கிடைக்கவில்லை.

(ஒப்பம்)
டேங்கர் லாரி ஓட்டுநர்