பேட்டரிக்குப் பொட்டு

“பேட்டரிக்குமா பொட்டு வெச்சே?”

ஆயுத பூஜைக்கு மறுநாள் சால்ட் லேக் பேருந்தில், முன் இருக்கைப் பெண்ணின் கைபேசி எல்லோருக்கும் கேட்க அலறியது. பேசியவர் அவள் அண்ணன். அவளுக்குப் பார்த்திருக்கும் வரனின் அம்மாவைத் தன் பழைய மோட்டார் படகில் கங்கையைச் சுற்றிக்காட்ட அழைத்துப் போயிருந்தார். நடு ஆற்றில் படகு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

“மெயின் சுவிட்ச், ஃபியூஸ் பாத்தியா அண்ணா?”

“பாத்தாச்சு. ஹார்ன்கூட அடிக்கலை. பொட்டு வெளியிலதானே வெச்சே?”

“கிளாம்பைக் கழட்டி, உள்ள நன்னா சந்தனம் பூசி, திரும்ப மாட்டினேன். வெளியில வெச்சா அழிஞ்சுடுமே!”

“அது காஞ்சு கட்டியாயிடுத்துடி! அதைத் தாண்டிக் கரண்ட் எப்படிப் பாயும்? மாமி வேற பக்கத்துல எல்லாத்தையும் கேட்டுண்டிருக்கா.”

“ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே? போச்சு, என் கல்யாணம்!”

கோளாறை முறைப்படிதான் தேடினார்கள். சந்தனம் மட்டும் எந்தக் கையேட்டிலும் இல்லை.

சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு எஞ்சின் உறுமியது. அதற்கும் மேலாக ஒரு பெண் குரல்:

“பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்குப்பா. எங்காத்துக்கு வந்தா காரைத் தொடப்படாதுன்னு மட்டும் சொல்லிடு.”